கிடந்த ஊசியும் குத்திட்ட ஊசியும்

2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மக்கள் வீட்டு வாசலில் நின்றபடியே வானத்தைப் படம் பிடித்தார்கள். இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா. மறுநாளுக்குள் அந்தப் படங்கள் உலகம் முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றி வந்துவிட்டன. துருவ ஒளியைப் பார்க்க வேண்டுமானால் நோர்வேக்கோ ஐஸ்லாந்துக்கோ பெருங்காசு செலவழித்துப் போகவேண்டும் என்று எண்ணியிருந்த பலருக்கு, அது தானாகவே தேடி வந்த இரவு அது.

அம்பாறைக் கரையோரத்தில், காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் நடுவே இருக்கும் நிந்தவூரில் அது வழமையான இரவு. வானத்தில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சூரியனும் ஒன்றுதான், அது கிளப்பிய புயலும் ஒன்றுதான். பிறகு ஏன் அங்கே அத்தனை நிறம், இங்கே ஒன்றுமில்லை? வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வாப்பா உம்மாமார் அந்தப் படங்களைப் பார்த்ததும் கேட்கக்கூடிய கேள்விதான். வடக்கே ஒரு பயணம் போய் இதைக் கண்ணால் காண ஆசைப்படுகிறவருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: எவ்வளவு தூரம் வடக்கே போனால் போதும்?

குளிருக்கு இதில் பங்கில்லை

முதலில் ஒரு தப்பான விடையைக் கழித்துவிடலாம். பனியும் குளிரும் உள்ள இடத்தில்தான் இந்த ஒளி உண்டாகும் என்று பலர் நம்புகிறார்கள். படங்களில் எப்போதும் பனி மூடிய மலையும் உறைந்த ஏரியும் இருப்பதால் வந்த நம்பிக்கை அது.

பயணிகள் விமானம் பறப்பது தரையிலிருந்து 10, 12 கிலோமீற்றர் உயரத்தில். மேகமும் மழையும் பனியும் ஏறக்குறைய அந்த உயரத்தோடு அடங்கிவிடும். துருவ ஒளி தொடங்குவதோ 100 கிலோமீற்றர் உயரத்தில். சில வேளை 400 கிலோமீற்றருக்கு மேலும் ஏறும். கீழே பனி கொட்டுகிறதா, வெயில் எரிக்கிறதா என்பது மேலே நடப்பதை எந்த வகையிலும் பாதிக்காது. வட நோர்வேயின் கோடை வானத்திலும் இந்த ஒளி இருக்கத்தான் செய்கிறது. இரவிலும் சூரியன் மறையாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

துருவத்தை நெருங்க நெருங்க ஒளி கூடும் என்பதும் பாதி உண்மையே. வட துருவத்திலேயே போய் நின்றால், தெற்கே நோர்வேயில் இருக்கும் ட்ரோம்சோ நகரத்தைவிடக் குறைவாகத்தான் தெரியும். காரணம் பின்னால் வருகிறது.

பக்தாத் தூதர் கண்ட சிவப்பு மேகம்

வடக்கே போன ஒருவர் எதிர்பாராமல் இந்த ஒளியைக் கண்டு எழுதிவைத்த பழைய பதிவு ஒன்று அரபு மொழியில் இருக்கிறது. எழுதியவர் அஹ்மத் இப்னு ஃபழ்லான். வொல்கா ஆற்றங்கரையை ஆண்ட பல்கார் மன்னர், மார்க்கம் கற்றுத்தர ஆட்களும் பள்ளிவாசல் கட்ட உதவியும் கேட்டுக் கலீபா அல்முக்ததிருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கலீபா அனுப்பிய குழுவில் இப்னு ஃபழ்லானும் ஒருவர். ஹிஜ்ரி 309இல், அதாவது 921 ஜூன் மாதத்தில், பக்தாதிலிருந்து புறப்பட்ட குழு, 922 மே மாதத்தில் பல்கார் நாட்டை அடைந்தது. இன்றைய ரஷ்யாவின் கஸான் நகருக்குத் தெற்கே உள்ள பகுதி அது. அகலக்கோடு ஏறத்தாழ 55 பாகை வடக்கு.

அங்கே தங்கிய முதல் நாள் மாலையில் அடிவானம் கடுஞ்சிவப்பாகியது. மேலே நெருப்பு நிறத்தில் ஒரு மேகம். அதற்குள் ஆட்களும் குதிரைகளும் ஆயுதங்களும் போன்ற உருவங்கள். இன்னொரு மேகம் வந்து அதனோடு மோதியது. குழுவினர் பயந்துபோய் துஆ கேட்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து ஊர் மக்கள் சிரித்தார்கள். மன்னரிடம் விசாரித்தபோது, முஃமினான ஜின்களும் காபிரான ஜின்களும் மாலை தோறும் போரிடுவதாகத் தம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள் என்றார். ஆய்வாளர்கள் பலர் இதைத் துருவ ஒளி பற்றிய வர்ணனையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வந்தவர்கள் நடுங்க, ஊரார் சிரித்த அந்த இடம் முக்கியமானது. அந்த மக்களுக்கு அது பழகிப்போன காட்சி.

அதே பயணத்தில் அவர் எழுதிய இன்னொரு சம்பவமும் நமக்கு வேண்டியது. பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவர் எப்படியோ அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். இருவரும் கூடாரத்துக்குள் இருந்து பேசிக்கொண்டே இஷா பாங்குக்குக் காத்திருந்தார்கள். பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் கிழக்கு வெளுத்துவிட்டது. கேட்டது சுபஹ் பாங்கு. அப்படியென்றால் இஷா? அதை மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுகிறோம் என்றார் முஅத்தின்.

நிந்தவூரில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆண்டு முழுக்க அதில் பெரிய மாற்றம் இல்லை. வடக்கே போனால் கோடையில் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் இஷா நேரமே வராமல் போகும். வானம் முழுதாக இருட்டாத இரவில் துருவ ஒளியைத் தேடிப் பயனில்லை. ஜூன், ஜூலையில் நோர்வேயில் உள்ள மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

ஊசி காட்டும் வழி

கிப்லா பார்க்கும் திசைகாட்டி அநேகமான வீடுகளில் இருக்கும். அதன் ஊசி வடக்கைக் காட்டுகிறது என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். ஊசிக்கு இன்னொரு குணமும் உண்டு. திசைகாட்டியின் தட்டு அதை மறைத்துவிடுகிறது.

ஒரு காந்த ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, எந்தப் பக்கமும் சாய முடிகிற விதத்தில் தொங்கவிட்டால் என்ன நடக்கும்? நிந்தவூரில் அது கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். சென்னை, டில்லி என்று வடக்கே கொண்டுபோகப் போக ஊசியின் வடமுனை தரையை நோக்கிச் சாயத் தொடங்கும். ட்ரோம்சோவில் 78 பாகை அளவுக்குச் சாய்ந்து, ஏறக்குறையச் செங்குத்தாகத் தரையைக் குத்தி நிற்கும். இந்தச் சாய்வை இலண்டனில் திசைகாட்டி செய்துகொண்டிருந்த ரொபர்ட் நோர்மன் 1576இல் அளந்து, 1581இல் நூலாக வெளியிட்டார். இன்றைக்கும் திசைகாட்டி செய்பவர்கள் உலகைப் பல வலயங்களாகப் பிரித்து, அந்தந்த வலயத்தின் சாய்வுக்கு ஏற்ப ஊசியின் பாரத்தைச் சரிசெய்கிறார்கள். நமது வலயத்துக்குச் செய்த திசைகாட்டியை வட நோர்வேக்குக் கொண்டுபோனால் ஊசி ஒரு பக்கம் தாழ்ந்து தட்டில் உரசும்.

பூமி ஒரு பெரிய காந்தம். அதன் காந்தப்புலம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் ஊசி நிற்கிறது. புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்று சொல்லலாம். அது தென்னிந்தியாவின் தென் முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. நிந்தவூர் அதற்கு மிகவும் அருகில் இருக்கிறது. துருவ ஒளி இங்கே ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கான விடையில் முக்காற்பங்கு இந்தக் கிடையான ஊசியில் இருக்கிறது.

கூரை எங்கே, இறவாரம் எங்கே

சூரியனிலிருந்து வருவது ஒளி மட்டுமல்ல. இலத்திரன், புரோத்தன் முதலான மின்னேற்றத் துகள்களும் செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தில் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சில வேளைகளில் சூரியன் தன் மேற்பரப்பிலிருந்து பல நூறு கோடி தொன் வாயுவை ஒரே தடவையில் வீசி எறியும். அது பூமியின் பக்கம் வந்தால் காந்தப்புயல்.

மின்னேற்றத் துகள்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காந்தப்புலம் ஓடும் திசை வழியே அவை இலகுவாக ஓடும். அதைக் குறுக்கே கடப்பது கடினம். நிந்தவூருக்கு மேலே புலம் தரைக்குக் கிடையாக, அடுக்கடுக்காகப் படுத்திருக்கிறது. நன்றாக வேய்ந்த கிடுகுக் கூரையைப்போல. மழை கூரையைத் துளைப்பதில்லை. ஓலை வழியே வழிந்து இறவாரத்தில் கொட்டுகிறது. பூமியின் இறவாரம் துருவங்களின் பக்கம் இருக்கிறது. அங்கேதான் புலம் குத்திட்டுத் தரைக்குள் இறங்குகிறது.

ஆனால் சூரியனிலிருந்து வரும் துகள்கள் நேராக அங்கே வந்து இறங்குவதாக எண்ணக்கூடாது. பல பாடப்புத்தகங்களே அப்படித்தான் எழுதுகின்றன. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைப் பகல் பக்கத்தில் அமுக்கி, இரவுப் பக்கத்தில் பல இலட்சம் கிலோமீற்றர் நீளமான வாலாக இழுத்துவிடுகிறது. அந்த வாலில் சக்தி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அங்குள்ள புலக்கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும். அப்போது வெளிப்படும் சக்தி, இலத்திரன்களைப் புலக்கோடுகள் வழியே பூமியின் இரவுப் பக்கத்தை நோக்கி வேகமாகத் தள்ளிவிடுகிறது. வாலோடு தொடர்புள்ள கோடுகள் தரையிறங்கும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம் கிடைக்கும். வளையத்தின் நடுவில் ஒளி குறைவு. துருவத்திலே நிற்கிறவருக்கு ட்ரோம்சோக்காரரைவிடக் குறைவாகத் தெரிவது அதனால்தான். ட்ரோம்சோ வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

காந்தப்புலம் துகள்களைத் துருவங்களைச் சுற்றிய வளையத்துக்கு நடத்துவதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டியவர் நோர்வே விஞ்ஞானி கிறிஸ்டியன் பேர்க்லன்ட். 1899-1900 குளிர்காலத்தை வட நோர்வேயின் ஃபின்மார்க் பகுதியில், ஹால்டே மலை உச்சியில், சூறைக்காற்றுக்கு நடுவே கழித்து துருவ ஒளியை அளந்தார். பிறகு காற்று அகற்றிய பெட்டிக்குள் காந்த உருண்டை ஒன்றை வைத்து, அதன்மீது இலத்திரன்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு முனைகளையும் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின. அவர் வாழ்ந்த காலத்தில் பலர் நம்பவில்லை. விண்கலங்கள் போய் அளந்த பிறகு, துருவ ஒளியோடு மேலும் கீழும் ஓடும் மின்னோட்டங்களுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1980களில் புகலிடம் தேடி நோர்வேக்குப் போன இலங்கைத் தமிழர் பலர் இதே ஃபின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். அதற்கு முந்திய எந்தத் தமிழர் தலைமுறையும் இந்த ஒளியை அவ்வளவு அருகில், அத்தனை இரவுகள் பார்த்திருக்காது. 1994 முதல் 2017 வரை அவர்கள் கையில் புழங்கிய 200 குரோனர் நோட்டில் இருந்த முகம் பேர்க்லன்டுடையது.

பச்சை எங்கிருந்து, சிவப்பு எங்கிருந்து

இறங்கி வரும் இலத்திரன்கள் மேல் வளிமண்டலத்தின் அணுக்களில் மோதி, தம் சக்தியில் ஒரு பங்கை அவற்றுக்குக் கொடுக்கின்றன. அணு அதைத் தன்னிடம் வைத்திருக்காது, ஒளியாக வெளிவிட்டுவிடும். எந்த அணு எந்த நிறத்தை விடும் என்பது மாறாத விதி.

ஒக்சிசன் அணு பச்சையையும் விடும், சிவப்பையும் விடும். பச்சையை விட அதற்கு ஒரு செக்கன்கூட வேண்டியதில்லை. சிவப்பை விட ஏறக்குறைய 110 செக்கன் காத்திருக்க வேண்டும். அணுக்களின் உலகில் இது மிக நீண்ட நேரம். 100 கிலோமீற்றர் உயரத்தில் காற்று ஓரளவு நெருக்கமாக இருப்பதால், காத்திருக்கும் அணுவை இன்னொரு அணுவோ மூலக்கூறோ வந்து இடித்து அந்தச் சக்தியைப் பறித்துவிடும். அதனால் அந்த உயரத்தில் பச்சைதான் தெரியும். 200 கிலோமீற்றருக்கு மேலே அணுக்கள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. அங்கே ஒக்சிசன் நிம்மதியாகக் காத்திருந்து சிவப்பை விடுகிறது. கீழ் விளிம்பில் சில வேளை தெரியும் இளஞ்சிவப்பும் ஊதாவும் நைதரசனின் வேலை.

ஆகவே கீழே பச்சை, மேலே சிவப்பு. அடுத்து வரும் கணக்கு முழுக்க இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஹன்லேயிலிருந்து நிந்தவூர் வரை ஒரு கணக்கு

2024 மே மாதப் புயலைக் கிளப்பிய சூரியப்புள்ளிக் கூட்டத்தின் எண் 3664. அதன் குறுக்களவு பூமியின் விட்டத்தைப்போல் 15 மடங்கு. அதிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பிய வீச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பூமியை அடைந்தன. 2003க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான காந்தப்புயல் அது. ஒளி வளையம் விரிந்து தெற்கே இறங்கியது.

அன்றிரவு நமக்கு மிக அருகில் இதைப் பிடித்த இடம் லடாக்கில் உள்ள ஹன்லே. கடல் மட்டத்திலிருந்து 4,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த வானாய்வகம், பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பௌதிக நிறுவனத்துக்குச் சொந்தமானது. கோடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவரும் ஆய்வகமும் இதே நிறுவனத்தின் கீழ்தான் இயங்குகிறது. மே 11 அதிகாலையில் ஹன்லேயின் வானம் முழுவதையும் பார்க்கும் கமராவில், வடக்கு அடிவானத்தை ஒட்டிச் சிவப்பு ஒளி பதிந்தது. ஆய்வாளர்கள் அதை நிலையான சிவப்பு வில் என்ற தனி வகையில் சேர்க்கிறார்கள். ஒளி விட்டது அதே ஒக்சிசன்தான்.

ஏன் சிவப்பு மட்டும்? பச்சைக்கு என்ன ஆயிற்று?

கடற்கரையில் நின்று, வெளியே போகும் வள்ளத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு விடை தெரியும். முதலில் வள்ளத்தின் உடல் மறையும், கடைசியில்தான் உச்சி மறையும். பூமி உருண்டை என்பதால் உயரத்தில் உள்ளது மட்டுமே தொலைவிலிருந்து தெரியும். 100 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள பச்சை ஒளி, ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் தொலைவிலேயே அடிவானத்துக்குக் கீழே போய்விடும். 400 கிலோமீற்றர் உயரத்துச் சிவப்போ 2,200 கிலோமீற்றர் தொலைவு வரை எட்டிப் பார்க்கும். ஹன்லேயின் அகலக்கோடு ஏறத்தாழ 33 பாகை. அங்கிருந்து நேர் வடக்கே 2,200 கிலோமீற்றர் போனால் கஸகஸ்தானின் வட எல்லை வரும். அதாவது கஸகஸ்தானுக்கு மேலே எரிந்த ஒளியின் உச்சிகூட லடாக்கில் தெரிய வாய்ப்புண்டு. அதன் பச்சை அடிப்பகுதி மலைகளுக்கும் அடிவானத்துக்கும் பின்னால் மறைந்தே இருக்கும்.

இதே கணக்கை நிந்தவூருக்குப் போட்டுப் பார்க்கலாம். நிந்தவூர் ஏறத்தாழ 7.3 பாகை வடக்கில் இருக்கிறது. 400 கிலோமீற்றர் உயரத்துச் சிவப்பின் உச்சி கல்முனைப் பக்க அடிவானத்தைத் தொட்டுக்கொண்டாவது தெரியவேண்டுமானால், அந்த ஒளி 27ஆம் பாகையில், லக்னௌ நகரத்துக்கு நேரே நிற்கவேண்டும். அடிவானத்தைத் தொடும் மங்கலான சிவப்பைக் கடல் ஈரமும் ஊர் வெளிச்சமும் விழுங்கிவிடும். வானத்தில் 10 பாகை உயரத்துக்காவது அது எழும்ப வேண்டும் என்றால், நாக்பூருக்கும் ஹைதராபாத்துக்கும் நடுவே வந்தாக வேண்டும். பச்சையையே பார்க்க வேண்டுமென்றால் சேலத்துக்கு நேரே.

இதில் இன்னொரு நட்டமும் நமக்கு உண்டு. காந்தத் துருவம் பூமியின் துருவத்தோடு பொருந்தி நிற்காமல் வட அமெரிக்காவின் பக்கம் சரிந்திருக்கிறது. அதனால் ஒளி வளையமும் அந்தப் பக்கம் தாழ்ந்தும், ஆசியாவின் பக்கம் உயர்ந்தும் நிற்கிறது. காந்தக் கணக்கில் பார்த்தால் ஹன்லே 33 பாகையிலிருந்து 24 பாகை அளவுக்குக் கீழிறங்கிவிடும். நிந்தவூரோ நடுக்கோட்டையே ஒட்டிவிடும். அதே மே மாத இரவில் அமெரிக்காவின் புளோரிடாவில், ஹன்லேயைவிடத் தெற்கே, மக்கள் துருவ ஒளியைக் கண்டார்கள்.

பெரும்புயல் வந்தால் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1859 செப்டெம்பர் 2இல் பம்பாயின் கொலாபா ஆய்வகக் கருவிகள் பதிந்த காந்தப்புல வீழ்ச்சி இன்றும் விஞ்ஞானிகளை வியக்க வைக்கிறது. அந்தப் புயலின் ஒளி கியூபாவிலும் ஹவாயிலும் தெரிந்தது. 1872 பெப்ரவரி 4 இரவில் பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாக அங்குள்ள பத்திரிகை எழுதியது. பம்பாயிலிருந்து நிந்தவூர் இன்னும் 11 பாகைக்கு மேல் தெற்கே.

தலைக்கு மேலே ஓடும் மின்னோடை

காந்த நடுக்கோட்டுக்காரர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். கிடையான புலம் இங்கே வேறொரு வேலையைச் செய்கிறது. பகல் வேளையில், 105 கிலோமீற்றர் அளவு உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஒடுக்கமான பட்டையில் மேற்கிலிருந்து கிழக்கே வலிமையான மின்னோட்டம் பாய்கிறது. விஞ்ஞானி சிட்னி சாப்மன் 1951இல் அதற்குப் பெயர் வைத்தார். தமிழில் நடுக்கோட்டு மின்னோடை எனலாம். ட்ரோம்சோவில் பச்சை ஒளி எரியும் அதே உயரம்தான். அங்கே ஒளி, இங்கே கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம். காந்தப்புயல் வரும்போது இந்த ஓடையும் தடுமாறும். இந்தப் பிரதேசத்தில் சூரியன் மறைந்த பிறகு மேல் வளிமண்டலத்தில் உண்டாகும் குமிழிகள், ஆழ்கடல் வள்ளங்கள் நம்பியிருக்கும் ஜீபிஎஸ் சமிக்ஞையையும் குழப்பக்கூடியவை.

இந்த ஓடையை ஆராயத்தான் கேரளத்தின் தும்பா மீனவக் கிராமம் ரொக்கெட் ஏவுதளமாகத் தெரிவு செய்யப்பட்டது. 1963 நவம்பர் 21 மாலையில் அங்கிருந்து கிளம்பிய முதல் ரொக்கெட், மேல் வளிமண்டலத்தில் சோடியம் ஆவியை விட்டது. கீழே இருட்டத் தொடங்கிய வேளையில், மேலே இன்னும் வெயில் பட்டுக்கொண்டிருந்த அந்த ஆவி செம்மஞ்சளாக ஒளிர்ந்ததைத் தரையிலிருந்த மக்கள் கண்டார்கள். அணு தனக்குரிய நிறத்தை வானத்தில் எழுதிக் காட்டிய காட்சி காந்த நடுக்கோட்டிலும் ஒருமுறை நடந்திருக்கிறது. அதை எழுதியவர்கள் மனிதர்கள்.

வடக்கே போகிறவர்களுக்கு

பயணம் போவது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் பார்க்கவேண்டியது மாதம். செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை நல்ல இருட்டு இருக்கும். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை; மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை மறைவதே இல்லை. இரவும் பகலும் சமமாக வரும் செப்டெம்பர், மார்ச் மாதங்களை ஒட்டிக் காந்தப்புயல்கள் சற்றுக் கூடுதலாக வருகின்றன. சூரியக் காற்றின் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் அப்போது இலகுவில் இணைவது ஒரு காரணம்.

அடுத்தது மேகம். வளையத்துக்கு நேர் கீழே போய் நின்றாலும், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஒரே இரவை நம்பிப் போகாமல் நாலைந்து இரவாவது தங்குவது நல்லது. இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை வாய்ப்பு அதிகம். முழு நிலா நாட்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

கைப்பேசிச் செயலிகள் 0 முதல் 9 வரை ஒரு எண்ணைக் காட்டும். அது காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதன் அளவு. ட்ரோம்சோவில் 2, 3 இருந்தாலே போதும். இலண்டனில் 7, 8 ஆவது வேண்டும். பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் சூரியப் பக்கம் நிற்கும் விண்கலங்கள் சூரியக் காற்றை அளந்து சொல்கின்றன. அங்கிருந்து செய்தி வந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் காற்று பூமியை அடைந்துவிடும். உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வர அது போதும். இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலமும் அங்கேதான் நின்று 2024 மே மாதப் புயலை அளந்தது.

படத்தில் கண்டது போலவே கண்ணுக்கும் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருட்டில் நமது கண்ணுக்கு நிறம் பிடிக்கும் ஆற்றல் குறைவு. மங்கலான ஒளி சாம்பல் நிற மேகம் போலத்தான் தோன்றும். கமரா பல செக்கன் திறந்திருந்து ஒளியைச் சேர்ப்பதால் அதில் பச்சை பளிச்சென்று விழும். ஒளி வலுக்கும்போது கண்ணிலும் பச்சை தெரியும். அது அசையும், மடியும், திடீரென்று பாயும். அந்த அசைவைப் படம் காட்டாது. சூரியனின் 11 ஆண்டுச் சுற்று 2024இல் உச்சத்தைத் தொட்டது. உச்சம் கடந்த பிறகும் சில ஆண்டுகளுக்குப் பெரும்புயல்கள் வருவதுண்டு; 2003இன் பெரும்புயல் அப்படி வந்ததுதான்.

தெற்கே வந்த நோர்வேக்காரர்

பேர்க்லன்டின் கடைசி ஆண்டுகள் வடக்கில் கழியவில்லை. 1913இல் அவர் எகிப்துக்குப் போனார். அவர் தேடிப் போனது நோர்வேயில் சரியாகத் தெரியாத வேறொரு ஒளியை. விடியலுக்கு முன் கிழக்கே, அடிவானத்திலிருந்து கூம்பு வடிவில் சாய்வாக மேலெழும் மங்கலான வெண்மை அது. நடுக்கோட்டை நெருங்க நெருங்க அது செங்குத்தாக நிமிர்ந்து தெளிவாகத் தெரியும். அதுவும் மின்துகள்களின் வேலையாக இருக்கும் என்று அவர் எண்ணினார். சூரியனைச் சுற்றும் கோள்களின் தளத்தில் பரவியிருக்கும் நுண்ணிய தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதே அது என்பது பின்னால் உறுதியானது. எகிப்தில் சில ஆண்டுகள் ஆராய்ந்த அவர், 1917இல் டோக்கியோவில் காலமானார்.

நிந்தவூர் மக்களுக்கு அந்த ஒளி புதியதல்ல. சுபஹ் நேரத்தைக் கணிக்கும் ஃபிக்ஹ் நூல்கள் அதை ஃபஜ்ருல் காதிப், பொய் விடியல், என்கின்றன. ஓநாயின் வால்போல மேல்நோக்கி எழுந்து மறையும் அந்த வெளிச்சத்தை நம்பி சுபஹ் தொழக்கூடாது, அடிவானம் நெடுகப் பரவும் உண்மை விடியலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மின்விளக்குகள் வந்த பிறகு, நேர அட்டவணையைப் பார்த்துப் பழகிய பிறகு, அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் நிந்தவூருக்குக் கிழக்கே இருப்பது வங்கக்கடல். அங்கே ஊர் வெளிச்சம் கிடையாது.

வடக்கே போக வசதி இருப்பவர்கள் போய் வரட்டும். மற்றவர்கள், பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டெம்பர் மாதத்தில் நிலா இல்லாத ஓர் அதிகாலையில், சுபஹ் பாங்குக்கு முக்கால் மணி நேரம் முன்பாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் கொடுத்து, கிழக்கே பாருங்கள்.